போன் பழுதில்லை உம்மா, சட்டம்தான் அப்படி



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அசர் தொழுதுவிட்டுத் தேநீர் குடிக்கும் நேரத்தில் ஆறுதலாக வாசித்துவிடுங்கள்.

போன மாதம் ஓர் உம்மா புதுப் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். ஊரில் போன் பழுதானால் கடைக்குப் போவதற்கு முன் பள்ளிக்கூடத்து சேரிடம் காட்டுவது இன்னும் இருக்கிற வழக்கம்தான். மூத்த மகன் டுபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த போன் அது. விலை கூடியது. லண்டனில் இருக்கிற மகள் பேஸ்டைமில்தான் பேசுவார். அவருடன் முகம் பார்த்துப் பேசட்டும் என்றுதான் மகன் ஆசையாக வாங்கியிருக்கிறார். ஆனால் போனில் பேஸ்டைமைக் காணவில்லை. இளைய மகன் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "நானாவுக்குக் கொப்பி போன வித்துப் போட்டானுகள்" என்று முடிவு சொல்லிவிட்டார். மூத்தவருக்குக் கோபம். "நாலு மாசம் சேத்து வாங்கின போன். கொப்பி எண்டு சொல்றான்" என்று டுபாய்க்குத் திரும்பிப் போனவர் தம்பியோடு பேசாமலே இருந்திருக்கிறார்.

"ஒருக்காப் பாருங்க சேர், எங்க ஏமாந்து போனான் எண்டு தெரியல்ல" என்றார் அந்த உம்மா.

நாம் பார்த்தோம். போன் அசல். பழுது எதுவும் இல்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. அந்த நாட்டுச் சந்தைக்கென்று வரும் போனில் அந்த வசதி இல்லாமலிருப்பது சட்டத்தின் வேலை. இதை அந்த உம்மாவுக்கு விளங்கப்படுத்த எமக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. எமது ஊரில் எத்தனை வீடுகளில் இதே குழப்பம் இருக்கும் என்று யோசித்ததால்தான் இந்தப் பதிவு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுவோம். 2010இல் ஐபோன் 4 வந்தபோதுதான் பேஸ்டைம் என்ற வீடியோ அழைப்பும் கூடவே வந்தது. அதே போன் சவூதிக்கும் எமிரேட்ஸுக்கும் வேறு சில அரபு நாடுகளுக்கும் போனபோது அந்த வசதி எடுக்கப்பட்டுத்தான் போனது. உள்ளே கமரா இருந்தது, இணையம் இருந்தது, அழைக்கும் வழி மட்டும் இல்லை. சவூதியில் 2018இல் வந்த மென்பொருள் மாற்றத்தோடு அது திறந்தது. பாகிஸ்தானிலும் அதற்குப் பின் திறந்தது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் திறக்கவில்லை. அங்கே வாங்கிய போனிலும் அங்கே வைத்துப் பாவிக்கும் போனிலும் பேஸ்டைம் கிடைக்காமல் போகலாம் என்று தயாரித்த கம்பனியே எழுதிவைத்திருக்கிறது. போனின் செட்டிங்ஸில் மாடல் இலக்கத்தைப் பாருங்கள். கடைசியில் வரும் ஆங்கில எழுத்துகள், எந்த நாட்டுச் சந்தைக்கு என்று தயாரான போன் அது என்பதைச் சொல்லும். ஏ, ஈ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் அது எமிரேட்ஸ் பக்கத்துச் சந்தைக்கென்று வந்த போன். வாங்கும் முன்னர் இதைப் பார்த்திருந்தால் அண்ணன் தம்பி சண்டை வந்திராது.

ஆனால் இது ஒரு போனின் கதை மட்டுமல்ல. பேஸ்டைம் இல்லாவிட்டால் வட்ஸ்அப் இருக்கிறதே என்று இங்கிருந்து நாம் சொல்லிவிடலாம். எமிரேட்ஸில் வட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிந்து அனுப்பலாம். கோல் எடுக்க மட்டும் முடியாது. எடுத்தால் 'இணைக்கிறது, இணைக்கிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஆக, போனின் உள்ளேயும் பூட்டு, வெளியே வலையமைப்பிலும் பூட்டு.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள்.

முதலாவது காசு. எமிரேட்ஸில் தொலைபேசிச் சேவை நடத்தும் கம்பனிகள் இரண்டுதான்: எட்டிசலாட், டு. இரண்டிலும் அரசாங்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இணையத்தின் வழியாகக் குரலோ வீடியோவோ அனுப்பும் சேவையை, அனுமதிப்பத்திரம் உள்ள இந்தக் கம்பனிகளின் வழியாகத்தான் நடத்தலாம் என்பது அங்கே சட்டம். அந்த நாட்டின் சனத்தொகையில் பெரும் பங்கு வெளிநாட்டுக்காரர். அத்தனை பேருக்கும் ஊரில் உம்மா இருக்கிறார், பெண்சாதி இருக்கிறார், பிள்ளை இருக்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று வெளிநாட்டு அழைப்புக்குக் காசு வாங்கும் கம்பனிக்கு அதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

இரண்டாவது, கண்காணிப்பு. பேசுகிறவர் இருவரைத் தவிர வேறு எவரும் கேட்க முடியாதபடி பூட்டப்பட்ட அழைப்பை எந்த அரசாங்கமும் விரும்புவதில்லை. இது நேற்று வந்த பிரச்சினையும் அல்ல. 2010 ஓகஸ்டில் பிளக்பெரி போனின் செய்திச் சேவையை ஒக்டோபர் 11 முதல் நிறுத்தப் போவதாக எமிரேட்ஸ் அறிவித்தது. சவூதியும் அதே மாதம் அந்தச் சேவையில் கை வைக்கப் பார்த்தது. பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். 2013 ஜூனில் சவூதி வைபரை முடக்கியது. 2017 கடைசியில் எமிரேட்ஸில் ஸ்கைப் நின்றுபோனது.

எட்டிசலாட் என்ற பெயரைக் கேட்டதும் எமது வாசகர் சிலருக்குப் பழைய சிம் ஒன்று ஞாபகம் வந்திருக்கும். ஆம், அதே கம்பனிதான். 2018இல் ஹட்ச்சுடன் சேரும் வரைக்கும் அது இலங்கையில் சிம் விற்றது. அந்த சிம்மைப் போட்டுக்கொண்டு இங்கே நாம் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் ஸ்கைப்பிலும் தாராளமாகப் பேசினோம். ஒரு தடையும் இருக்கவில்லை. ஒரே கம்பனி, ஒரே தொழில்நுட்பம். இங்கே முடிந்தது, அங்கே முடியவில்லை. அப்படியென்றால் 'வலையமைப்பு தாங்காது' என்பதெல்லாம் காரணமல்ல.

எமது தலைமுறைக்கு இந்தத் தூரம் புதிதல்ல. நாம் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் சவூதியிலிருந்து கெசட் வரும். யாராவது ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் டேப் ரெக்கோடரைச் சுற்றி உட்காருவோம். வாப்பா ஸலாம் சொல்லித் தொடங்கி, ஒவ்வொருவர் பேராகச் சொல்லி விசாரிப்பார். "மகன் ஓதப் போறானா? மூத்தம்மாட கால் நோவு எப்படி?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். நாம் அந்த இடைவெளியில் பதில் சொல்லுவோம். கேட்காது என்று தெரிந்தும் சொல்லுவோம். பிறகு சந்தியில் கொமியுனிகேஷன் கடைகள் வந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வரிசை. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, ஓடுகிற மீற்றரைப் பார்த்துக்கொண்டே உம்மா பேசுவார். சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லாமலே வைத்துவிட்டு வருவார்.

அதற்குப் பின் வந்த முப்பது வருடத்தில் தொழில்நுட்பம் அந்த மீற்றரை இல்லாமல் ஆக்கியது. முகம் பார்த்துப் பேசுவது ஏறக்குறைய இலவசமானது. சில நாடுகள் சட்டத்தால் அந்த மீற்றரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. எமக்கு உறுத்துவது இதுதான்.

ஆசிரியராக நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. நாம் நாலாம் தரத்துக்கு வகுப்பாசிரியர். தட்டுத் தடுமாறி ஸும் பழகி, இரவு ஏழரைக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்தினோம். பிள்ளைகள் உம்மாமாரின் போனில் வருவார்கள். ஒரு நாள், பெயரில்லாத ஒரு சதுரம் வந்து ஓரமாக நின்றது. கமரா இல்லை, சத்தம் இல்லை. வெறும் போன் மாடலின் பெயர். யார் என்று கேட்டோம், பதில் இல்லை. அடுத்த வகுப்பிலும் வந்தது. வெளியாள் யாரோ நுழைந்துவிட்டார் என்று பயந்து அகற்றிவிட்டோம். வகுப்பு முடிந்து பத்து நிமிடத்தில் ஒரு தாயிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"சேர், மன்னிச்சிக்கங்க. அது புள்ளட வாப்பா. டுபாயில இப்ப ஸும் மட்டும் வேல செய்யுதாம். மகன் வாசிக்கிறதப் பாக்கோணும் எண்டு ஆசப்பட்டாரு. நான்தான் லிங்க குடுத்தன்."

அந்த மார்ச்சில்தான், வேலைக்காகவும் படிப்புக்காகவும் என்று எமிரேட்ஸ் ஸும், டீம்ஸ் போன்ற சிலவற்றைத் திறந்துவிட்டிருந்தது. வட்ஸ்அப் திறக்கவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்க, வகுப்பறைக்குள் களவாக வந்து மூலையில் நிற்க வேண்டியிருந்தது. நாம் அவரைப் பிடித்து வெளியே தள்ளியும் விட்டோம்.

மற்றப் பிள்ளைகளின் தாய்மாரிடம் குழுவில் விஷயத்தைச் சொல்லிக் கேட்டோம். எவரும் மறுக்கவில்லை. அதன் பிறகு அந்தச் சதுரம் வகுப்புக்கு வரும். அந்தப் பிள்ளையைத்தான் முதலில் வாசிக்கச் சொல்லுவோம். எழுத்துக் கூட்டித் தடுமாறுகிற பிள்ளை. வாப்பா பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு வீட்டில் பழகிக்கொண்டு வரத் தொடங்கியது. ரமழானுக்குள் தடங்கலில்லாமல் ஒரு பக்கம் வாசித்தது. கற்பித்தல் முறைகள் என்று கலாசாலையில் எமக்கு எத்தனையோ சொல்லித் தந்தார்கள். தகப்பனின் பார்வைக்கு ஈடான ஒரு முறையை நாம் அங்கே படிக்கவில்லை.

'அங்கே இப்போது அனுமதியுள்ள செயலிகள் இருக்கின்றனவே, அதில் பேசலாமே' என்று சிலர் கேட்பீர்கள். உண்மை. போட்டிம், ஸும், மைக்ரோசொப்ட் டீம்ஸ், கோசட் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைச் சட்டப்படி பாவிக்கலாம். பாவிக்கத்தான் வேண்டும். ஆனால் வந்த வழியையும் பாருங்கள். 2018இல் போட்டிம் போன்றவற்றை அனுமதித்தபோது, அதில் பேச இணையப் பொதிக்கு மேலதிகமாக மாதம் 50 திர்ஹம் கட்டணம் வைத்தார்கள். வீட்டு இணைப்புக்கு 100 திர்ஹம். 50 திர்ஹம் என்பது நமது இன்றைய காசில் நாலாயிரம் ரூபாவுக்குக் கிட்ட வரும். பெரிய கம்பனியின் முகாமையாளருக்கு அது ஒரு பகல் சாப்பாடு. ஆயிரம் திர்ஹம் சம்பளத்தில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்தெழும்பும் எமது பிள்ளைக்கு அது சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து. ஒரே சட்டம், ஆனால் பாரம் ஒரே அளவில் விழவில்லை.

அடுத்து, வீ.பீ.என். எமது இளைஞர் பலர் 'அத போட்டாச் சரி' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து கவனம். எமிரேட்ஸின் இணையக் குற்றச் சட்டத்தில், இணைய முகவரியை மறைத்து ஒரு குற்றத்தைச் செய்தால் அல்லது அதைக் கண்டுபிடிக்க விடாமல் தடுத்தால் ஐந்து இலட்சம் முதல் இருபது இலட்சம் திர்ஹம் வரை அபராதம், சிறையும் உண்டு. கம்பனிகள் தமது வேலைக்கு வீ.பீ.என் பாவிப்பது குற்றமல்ல. ஆனால் தடுத்த சேவையைத் திருட்டு வழியில் எடுப்பதற்குப் பாவித்தால் எந்தப் பக்கம் விழும் என்று உங்கள் பிள்ளை நீதிமன்றத்தில் நின்று அறிந்துகொள்ள வேண்டாம். இங்கிருந்து 'வீடியோல வாங்க, வீடியோல வாங்க' என்று நெருக்கும் நாமும் அந்த ஆபத்தில் பங்காளிகள்.

'பாதுகாப்புக்காகத்தானே தடுக்கிறார்கள்' என்போருக்கு ஒரு சம்பவம். 2019இல் டொடொக் என்றொரு செயலி அங்கே வேகமாகப் பரவியது. மற்றதெல்லாம் முடங்கியிருக்க, அது மட்டும் தடையில்லாமல், இலவசமாக வேலை செய்தது. குடும்பத்தோடு பேச வழி கிடைத்ததே என்று ஆட்கள் விழுந்தடித்துப் பதிவிறக்கினார்கள். அந்த வருடம் டிசம்பரில், அது அந்நாட்டு அரசுக்காக உளவு பார்க்கும் கருவி என்று நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை செய்தி வெளியிட்டது. நடத்தியவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் கூகுளும் அப்பிளும் தமது கடைகளிலிருந்து அதை எடுத்தன. நாம் சொல்ல வருவது இதுதான்: நல்ல வாசலையெல்லாம் அடைத்துவிட்டால் ஆட்கள் எந்த வாசல் திறந்திருக்கிறதோ அதற்குள் போவார்கள். அந்த வீடு யாருடையது என்று விசாரிக்க மாட்டார்கள். பிள்ளையின் முகம் பார்க்கத் தவிக்கிறவருக்கு அந்த நிதானம் வராது.

இன்னொரு பக்கம், சவூதியைப் பாருங்கள். 2017 செப்டெம்பரில், விதிமுறைகளுக்கு உட்பட்ட இணைய அழைப்புச் சேவைகளின் தடையை நீக்குவதாக அறிவித்தது. எல்லாம் ஒரே நாளில் திறக்கவில்லை. ஆனால் திறந்ததால் அந்த நாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. தொலைபேசிக் கம்பனிகளும் மூடப்படவில்லை. பயந்தது நடக்கவில்லை என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

இதை எழுதும்போது எமக்குக் கிடைக்கப்போகும் முதல் கருத்து எது என்றும் தெரியும். 'அரபு நாடுகள் நமக்குச் சோறு போடுகின்றன, அவர்களின் சட்டத்தைப் பேச நாம் யார்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024இல் வெளிநாட்டில் இருக்கும் இலங்கையர் அனுப்பிய காசு ஏறத்தாழ 657 கோடி டொலர். அதில் பெரும் பங்கு வளைகுடாவிலிருந்து. எமது ஊரில் எத்தனை வீடுகளின் அத்திவாரம், எத்தனை குமர்களின் கலியாணம், பள்ளிவாசலின் எத்தனை தூண் அந்தக் காசு என்று எமக்குத் தெரியும். நன்றி மறக்கவில்லை. ஆனால் அது தர்மமாக வந்த காசல்ல. ஐம்பது பாகை வெயிலில் எமது பிள்ளைகள் வேலை செய்து எடுத்த கூலி. கூலி கொடுத்தவரிடம், 'இவரது பிள்ளையின் முகத்தை இவர் பார்க்கட்டும்' என்று கேட்பது நன்றிகெட்ட செயலாகாது. உறவைத் துண்டிக்காமல் சேர்ந்து நடப்பது மார்க்கத்தில் கடமை என்று அவர்களும் நாமும் ஒரே மிம்பரிலிருந்துதான் கேட்கிறோம்.

அடுத்தவர் வீட்டைப் பற்றிப் பேசும்போது சொந்த வீட்டையும் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் திகன பற்றி எரிந்தபோது எமது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரமளவில் முடக்கியது. 2019 ஏப்ரல் 21க்குப் பின்னும், மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் எமது கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டபோதும் திரும்பவும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3இலும் முடக்கினார்கள், அது மக்கள் வீதிக்கு இறங்கக்கூடாது என்பதற்காக. உண்மையைச் சொன்னால், 2018இல் முடக்கியபோது 'நல்ல வேலை' என்று நாமே சொன்னோம். எமக்கெதிரான பொய்கள் அதில்தான் பரவின. ஆனால் அதே இரவில் கண்டியிலிருந்த எமது உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வட்ஸ்அப்பை எடுத்தபோது அது சுற்றிக்கொண்டே இருந்தது. டுபாயிலிருந்து எடுக்கும் ஒரு தகப்பனின் திரையில் ஒவ்வொரு நாளும் சுற்றுவது அதுதான். தீயவன் பேசுவதைத் தடுக்க எல்லோரது வாயையும் கட்டுவது இலேசான வழி. அந்த இலேசான வழிக்கு எந்த அரசாங்கமும் பழகிவிடக்கூடாது, எமது அரசாங்கமும் சேர்த்துத்தான். எமக்குச் சாதகமான நாளில் கைதட்டிவிட்டுப் பாதகமான நாளில் அழுவதில் நியாயமில்லை.

சரி, என்ன செய்யலாம்? எமிரேட்ஸின் சட்டத்தை எமது ஊர் மாற்ற முடியாது. ஆனால் செய்யக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அரசாங்கத்துக்கு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. எந்த நாட்டில் எந்தச் செயலி சட்டப்படி வேலை செய்யும், எதைத் தொட்டால் குற்றமாகும், அங்கே வாங்கும் போனில் எது இருக்காது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். அதற்குப் பெரிய செலவில்லை. அடுத்து, நாட்டுக்கு நாடு செய்யும் தொழிலாளர் ஒப்பந்தங்களில் குடும்பத்தோடு பேசும் உரிமையை எழுதக் கேட்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2018 மே மாதம் பிலிப்பைன்ஸ் குவைத்துடன் செய்த ஒப்பந்தத்தில், வீட்டு வேலைக்காரர் தமது கைப்பேசியைத் தம்மிடம் வைத்திருக்கலாம் என்று எழுதி வாங்கியது. எமது சகோதரிகள் எத்தனை பேரின் போன் எஜமானியின் அலுமாரிக்குள் இருக்கிறது என்பது அவர்களின் வீடுகளுக்குத் தெரியும். அவர்களைப் பொறுத்தவரை செயலி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே பிறகுதான். பிலிப்பைன்ஸால் கேட்க முடிந்ததை இலங்கையாலும் கேட்க முடியும். எமது வாக்கைக் கேட்டு வருகிற பிரதிநிதிகளிடம் வீதி, கான் என்பவற்றோடு இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது, ஊருக்கு. பள்ளி நிர்வாகங்களும் இளைஞர் சங்கங்களும் மாதத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து, வயதான உம்மா வாப்பாமாருக்கு அனுமதியுள்ள செயலியைப் போனில் ஏற்றிப் பழக்கிக் கொடுக்கலாம். எமது பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்ய நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, வீட்டுக்கு. இதுதான் முக்கியம். வீடியோ கோல் வரவில்லை என்றால் உடனே சந்தேகப்படாதீர்கள். 'ஏன் முகத்தக் காட்ட மாட்டேங்குறார், யார் பக்கத்தில இருக்கிறா?' என்று தொடங்கிய பேச்சு காதியார் வரைக்கும் போன குடும்பத்தை நாம் அறிவோம். அவருடைய போன் முகத்தைக் காட்டாததற்கு அவர் காரணமாக இல்லாமலிருக்கலாம். கோல் வராத நாளில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். பிள்ளை வாசிப்பதை, ஓதுவதை, முற்றத்தில் ஓடுவதை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்புங்கள். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. அங்கே அதை அவர் எத்தனை தரம் பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. கெசட்டை உருவிப் போகும் வரைக்கும் போட்டுக் கேட்ட வீட்டுப் பிள்ளையாகச் சொல்கிறோம்.

நான்காவது, அங்கே இருக்கிற சகோதரர்களுக்கு. ஊருக்குப் போன் வாங்கும் முன் மாடலைப் பாருங்கள். முடிந்தால் ஊரிலேயே வாங்கக் காசை அனுப்பிவிடுங்கள். உத்தரவாதமும் இங்கேயே இருக்கும்.

அந்த உம்மாவின் விஷயத்துக்கு வருகிறோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அப்ப மூத்தவன் ஏமாறல்ல." அவருக்குப் பேஸ்டைம் இல்லாதது பெரிய கவலையாக இருக்கவில்லை. பிள்ளை ஏமாந்துவிட்டான், பிள்ளைகள் இரண்டும் கதைக்கவில்லை, இதுதான் கவலை. லண்டனில் இருக்கும் மகளுக்கு வட்ஸ்அப் வீடியோவையும், டுபாய் மகனுக்குப் போட்டிமையும் அதே போனில் ஏற்றிக் கொடுத்தோம். இளையவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு அவரே முதலாவது கோலை நானாவுக்கு எடுத்தார். படம் விட்டு விட்டுத்தான் வந்தது. மூத்தவர் வேலை முடிந்து பஸ்ஸில் இருந்தார், தலையில் தொப்பி கூடக் கழற்றவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உம்மாதான் போனை வாங்கி, "சாப்பிட்டியா மகன்?" என்று கேட்டார்.

வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமாகும் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த நாட்டில் எது வேலை செய்கிறது என்று அங்கிருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதினால் அதைத் தொகுத்துப் பாடசாலை அறிவித்தல் பலகையில் போட்டு வைப்போம். தூரத்தில் இருக்கிற எமது பிள்ளைகள் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாத்து, குடும்பங்களோடு நேரில் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.